சாக்கேயை முதன்முதலில் ஊற்றிக் கொடுக்கும்போது

கேள்வி சுருக்கமாக இது: ஜப்பானுக்கு வெளியே வசிக்கும் எட்டு நண்பர்கள். ஒருவரும் ஜப்பானின் அரிசி மதுவான சாக்கேயைச் சரியாகச் சுவைத்தவர் இல்லை. இரண்டு பேர் எப்போதோ ஓர் உணவகத்தில் கொதிக்கக் கொதிக்கக் குடித்துவிட்டு, சாராய நெடி என்று முகம் சுளித்தவர்கள். ஒரே மாலையில் இவர்களுக்கு சாக்கேயை அறிமுகம் செய்ய வேண்டும். என்ன வாங்குவது, எப்படிக் கொடுப்பது, எவ்வளவு விளக்குவது?

விளக்கத்திலிருந்தே தொடங்குகிறேன். பெரும்பாலான அறிமுகங்கள் கெட்டுப்போவது அங்கேதான். அரிசியை எத்தனை சதவீதம் தீட்டினார்கள் என்ற பட்டியலை முதலில் விரித்து, ஜுன்மாய், கின்ஜோ, டைகின்ஜோ என்ற வகைப்பெயர்களில் படியேறி, உச்சிப்படியில் இருப்பதே உசத்தி என்று முடித்துவிடுவார்கள். கேட்பவர் மனத்தில் அது பள்ளிக்கூட மதிப்பெண் பட்டியலாகப் பதிந்துவிடும். பிறகு வாழ்நாள் முழுக்க விலை அதிகமான பாட்டிலைத் தேடுவார், இல்லையென்றால் சாக்கே பக்கமே வரமாட்டார். அதைவிட எளிய வழி ஒன்று உண்டு. ஒரே பாட்டிலை மூன்று வெப்பநிலையில் ஊற்றிக் கொடுங்கள். 5 டிகிரியிலிருந்து 55 டிகிரிவரை எங்கே நிறுத்தினாலும் ஒரு முகம் காட்டும் மது வேறெதுவும் எளிதில் கிடைக்காது. இதை நாக்கில் உணர்ந்தவர் மற்ற விவரங்களைத் தானாகவே கேட்பார்.

பேசித்தான் ஆகவேண்டிய சிலவற்றை மட்டும் முதலில் சொல்லிவிடுங்கள். ஜப்பானிய மொழியில் சாக்கே என்றால் பொதுவாக மது. பீரும் விஸ்கியும்கூட அதில் அடக்கம். நாம் பேசும் அரிசி மதுவுக்கு அங்கே நிஹோன்ஷு என்று பெயர். சட்டப் புத்தகத்தில் செய்ஷு, அதாவது தெளிந்த மது. 2015 டிசம்பரில் நிஹோன்ஷு என்ற பெயருக்குப் புவிசார் குறியீடு வந்தது. ஜப்பானில் விளைந்த அரிசியைக் கொண்டு ஜப்பானிலேயே தயாரித்தால்தான் அந்தப் பெயரைப் போடலாம். கலிபோர்னியாவின் பெர்க்லியிலும் நியூயார்க்கின் புரூக்ளினிலும் சாக்கே ஆலைகள் இருக்கின்றன. அங்கே தயாராவது சாக்கேதான், ஆனால் நிஹோன்ஷு அல்ல.

அடுத்தது, இது காய்ச்சி வடித்த மது இல்லை. பொடிக் கிண்ணத்தில் ஊற்றித் தருவதைப் பார்த்துவிட்டு, ஒரே மடக்கில் விழுங்க வேண்டிய சாராயம் என்று நினைப்பவர்கள் ஏராளம். காய்ச்சி வடித்ததற்கு ஷோச்சு என்று தனிப் பெயர் இருக்கிறது. சாக்கே நொதித்த மது. பெரும்பாலானவற்றில் ஆல்கஹால் 15 அல்லது 16 சதவீதம். 22 சதவீதத்தைத் தொட்டால் சட்டப்படி அது செய்ஷுவே இல்லை. திராட்சை மதுவைவிடச் சற்றுக் கூடுதல், விஸ்கியில் பாதிகூட இல்லை. கிண்ணம் சிறியதாக இருப்பதற்குக் காரணம், சூடு ஆறுவதற்குள் குடித்து முடிக்கலாம், அடிக்கடி ஒருவருக்கொருவர் ஊற்றிக்கொள்ளலாம் என்பதுதான்.

இனி கோஜி. இதை மட்டும் ஐந்து நிமிடம் நிதானமாகச் சொல்லுங்கள். மற்ற மதுக்களிலிருந்து சாக்கே பிரியும் இடம் இது. திராட்சையில் சர்க்கரை முன்பே இருக்கிறது, ஈஸ்ட் அதைத் தின்றால் போதும். பீருக்குப் பார்லியை முளைகட்டி, மாவுச்சத்தை முதலில் சர்க்கரையாக்கி, அந்தச் சாற்றைப் பிறகு நொதிக்கவிடுவார்கள். தீட்டிய அரிசியில் முளையே போய்விடுகிறது, ஆகவே முளைகட்ட வழியில்லை. மாவுச்சத்தை உடைக்கும் வேலையை ஒரு பூஞ்சணத்திடம் ஒப்படைத்திருக்கிறார்கள். அறிவியல் பெயர் அஸ்பெர்ஜில்லஸ் ஒரைசே. அரிசியைச் சோறாக வடிப்பதில்லை, புட்டைப்போல் ஆவியில் அவிக்கிறார்கள். மணி வெளியே விறைப்பாகவும் உள்ளே மிருதுவாகவும் இருந்தால்தான் பூஞ்சண இழை ஈரத்தைத் தேடி உள்ளே இறங்கும். குழைந்துபோன அரிசியில் மேலே மட்டும் படர்ந்து நின்றுவிடும். 30 டிகிரிக்கு மேல் வெப்பமுள்ள அறையில் இரண்டு நாள் பரப்பி, கிளறி, மறுபடி பரப்பினால் வெண்பஞ்சு பூத்த அரிசி தயார். அதுதான் கோஜி.

பிறகு கோஜி, அவித்த அரிசி, நீர், ஈஸ்ட் எல்லாம் ஒரே தொட்டிக்குள் போகின்றன. ஒரேயடியாகக் கொட்டமாட்டார்கள். நான்கு நாளில் மூன்று தவணை, இரண்டாம் நாள் ஓய்வு. ஈஸ்ட் பெருக அந்த ஒரு நாள் அவகாசம் வேண்டும். அவசரப்பட்டால் தொட்டியிலுள்ள அமிலம் நீர்த்துப்போய், வேண்டாத கிருமி முந்திக்கொள்ளும். அந்தத் தொட்டியில் ஒரு பக்கம் கோஜி மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கிக்கொண்டே இருக்கிறது, மறுபக்கம் ஈஸ்ட் அதை அவ்வப்போதே ஆல்கஹாலாக்கிக்கொண்டிருக்கிறது. சர்க்கரை கொஞ்சம் கொஞ்சமாக வருவதால் ஈஸ்ட் திணறுவதில்லை, ஆல்கஹால் 18, 20 சதவீதம்வரை ஏறுகிறது. பிழிந்து வடிகட்டியபின் நீர் சேர்த்து 15, 16க்கு இறக்குவார்கள். அப்படி இறக்காமல் விட்டதன் பெயர் கென்ஷு. இந்தக் கைநுட்பத்தைத்தான் 2024 டிசம்பரில் யுனெஸ்கோ மனிதகுலத்தின் அருவப் பண்பாட்டு மரபுகளில் ஒன்றாகச் சேர்த்தது.

கோஜியை வாயால் சொல்வதைவிடக் காட்டுவது நல்லது. குடிக்காத நண்பர் ஒருவர் இருந்தால் அவருக்கும் இது உதவும். ஜப்பானியக் கடைகளில் உலர்ந்த அரிசிக் கோஜி கிடைக்கும். 200 கிராம் கோஜி, 300 கிராம் சோறு, 400 மி.லி. நீர் மூன்றையும் 60 டிகிரிக்கு மேல் போகாத சூட்டில் கலந்து, ரைஸ் குக்கரின் சூடுகாக்கும் நிலையில் வையுங்கள். மூடியைத் திறந்துவிட்டு ஈரத்துணியால் மூடவேண்டும். 55 முதல் 60 டிகிரிக்குள் எட்டு மணி நேரம், இரண்டு மணிக்கு ஒருமுறை கிளறல். ஒரு துளி சர்க்கரைகூடச் சேர்க்காமல் பாயசம்போல் இனிக்கும். இதற்கு அமசாகே என்று பெயர், ஆல்கஹால் கிடையாது. மூடியை மூடிவிட்டால் சூடு 70 டிகிரியைத் தாண்டி நொதிப்பொருள்கள் செத்துவிடும், இனிப்பே ஏறாது. 50க்குக் கீழே இறங்கினால் புளித்துவிடும். கடையில் வாங்குவதானால் ஒரு கவனம் வேண்டும்: சாக்கே பிழிந்த சக்கையில் செய்த அமசாகேயும் உண்டு, அதில் சிறிது ஆல்கஹால் இருக்கும்.

இப்போது அந்தத் தீட்டல் கணக்கு. யாராவது கேட்டால் சொல்லுங்கள். பாட்டிலில் 60 என்று போட்டிருந்தால் 60 சதவீதம் தீட்டியதாகப் பொருளில்லை, 60 சதவீதம் மிஞ்சியிருக்கிறது என்று பொருள். புதியவர்கள் பத்தில் ஒன்பது பேர் இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். நாம் சமைக்கும் வெள்ளையரிசியில் ஏறக்குறைய 90 சதவீதம் மிஞ்சியிருக்கும். டாஸ்ஸாய் நிறுவனத்தின் புகழ்பெற்ற 23இல் முக்காலுக்கு மேல் மாவாகப் போய்விட்டது. மணியின் வெளிப்பகுதியில் புரதமும் கொழுப்பும் கூடுதல். புரதம் அமினோ அமிலமாக உடைந்து கனத்த சுவை தரும், கொழுப்பு பழவாசனை உருவாவதைத் தடுக்கும். ஆகவே தீட்டத் தீட்டச் சுவை மெலிந்து மணம் தூக்கும். இது பாணி வேறுபாடு. தரத்தின் ஏற்றத்தாழ்வு என்று எடுத்துக்கொண்டால் பாதி சாக்கேயைத் தவறவிடுவீர்கள்.

சட்டப் பெயர்கள் இரண்டு கேள்விகளுக்கான விடைகள் மட்டுமே. ஆல்கஹால் தனியாகச் சேர்த்தார்களா? சேர்க்காவிட்டால் பெயரில் ஜுன்மாய் என்ற சொல் இருக்கும். எவ்வளவு தீட்டினார்கள்? 60 சதவீதமோ அதற்குக் குறைவோ மிஞ்சினால் கின்ஜோ, 50 சதவீதமோ அதற்குக் குறைவோ என்றால் டைகின்ஜோ. ஆல்கஹால் சேர்த்து, 70 சதவீதமோ அதற்குக் குறைவோ மிஞ்சும்படி தீட்டியது ஹோன்ஜோசோ. வெறும் ஜுன்மாய்க்குத் தீட்டல் வரம்பு 2004 முதல் இல்லை. ஆல்கஹால் சேர்ப்பு என்றதும் கலப்படம் என்று ஒருவர் முகத்தைத் திருப்புவார். அந்தச் சந்தேகத்துக்கு வரலாற்றுக் காரணம் உண்டு. போர்க்காலத்தையும் அதன் பின்னான அரிசிப் பஞ்சத்தையும் சமாளிக்க ஆல்கஹாலும் சர்க்கரையும் சேர்த்து மும்மடங்காக்கிய சாக்கே பல்லாண்டு விற்றது. 2006இல் சட்டம் மாறியபின் அதைச் செய்ஷு என்று விற்க முடியாது. ஹோன்ஜோசோவிலும் ஜுன்மாய் அல்லாத கின்ஜோவிலும் சேர்ப்பது அரிசி எடையில் 10 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. பிழிவதற்குச் சற்றுமுன் சேர்ப்பார்கள். சக்கையோடு போய்விடும் மணத்தை அது திரவத்துக்குள் இழுத்துக்கொண்டு வரும். போட்டிகளுக்கு அனுப்பும் டைகின்ஜோக்களில் பல இப்படித் தயாரானவைதான்.

வாங்க வேண்டியவை நான்கு. ஜுன்மாய் 720 மி.லி. ஒன்று, இதுதான் மாலையின் முதுகெலும்பு. மியாகி மாநிலத்து உராகசுமி ஜுன்மாய்போல் அதிகப் பழமணம் இல்லாத, நிதானமான ஒன்றாகப் பாருங்கள். ஜுன்மாய் டைகின்ஜோ 300 மி.லி. பாட்டில் ஒன்று, டாஸ்ஸாய் 45 அந்த அளவில் கிடைக்கிறது. கிமோட்டோ அல்லது யமஹாய் வகை 720 மி.லி. ஒன்று. ஃபுகுஷிமாவின் டாய்ஷிச்சி ஜுன்மாய் கிமோட்டோ, இஷிகாவாவின் தெங்குமாய் யமஹாய் ஜுன்மாய் இரண்டும் பல நாடுகளுக்கு ஏற்றுமதியாகின்றன. கடைசியாக 300 மி.லி. நிகோரி, அதாவது கலங்கல் சாக்கே. இதில் கிமோட்டோவை விட்டுவிடத் தோன்றும், விடாதீர்கள். 1910 வாக்கில் ஆய்வுக்கூட லாக்டிக் அமிலத்தைச் சேர்த்து ஈஸ்ட் கரைசலை இரண்டு வாரத்தில் வளர்க்கும் முறை வந்தது, இன்று பெரும்பாலான ஆலைகளில் அதுதான் நடக்கிறது. கிமோட்டோவும் யமஹாயும் அந்த அமிலத்தைக் காற்றிலும் கருவியிலும் இருக்கும் பாக்டீரியாவிடமிருந்தே பெறுகின்றன, ஏறக்குறைய ஒரு மாதமாகும். மோரின் புளிப்பை ஒத்த ஓர் ஆழம் அதில் இருக்கும். சீஸ் பழகியவர்களுக்கு உடனே பிடித்துப்போகும் சாக்கே இது.

கடையில் கையில் எடுத்ததும் பெயரைப் பார்க்காமல் தேதியைப் பாருங்கள். சாக்கே பழகப் பழகச் சிறக்கும் என்பது திராட்சை மதுவிடமிருந்து வந்த நம்பிக்கை. முதிரவைப்பதற்கென்றே செய்த கோஷு வகையை விட்டால், பாட்டிலில் அடைத்து ஓராண்டுக்குள் குடித்துவிடுவதே நல்லது. தேதி ஜப்பானிய ஆண்டில் இருக்கலாம்: ரெய்வா 1 என்றால் 2019, ரெய்வா 6 என்றால் 2024. தேதி இல்லாத பாட்டில்களும் உண்டு, 2023 முதல் அது கட்டாயமில்லை. அப்போது கடையின் நடத்தையைத்தான் பார்க்கவேண்டும். ஜன்னல் வெயிலிலோ விளக்கடியிலோ நிற்கும் பாட்டில் வேண்டாம். ஒளி பட்டால் சில வாரங்களிலேயே மஞ்சளித்துக் கருகல் வாடை வந்துவிடும். நமா என்று எழுதியிருந்தால் சூடுகாட்டிக் கிருமி நீக்காத சாக்கே என்று பொருள். சாதாரண சாக்கேயை 65 டிகிரியளவில் இருமுறை சூடுகாட்டுவார்கள், இதற்கு அது இல்லை. நமா குளிர்பெட்டிக்கு வெளியே நின்றால் வாங்கவே கூடாது, அறிமுக மாலைக்கு அது தேவையும் இல்லை. வெளிநாட்டில் சாக்கே பிடிக்கவில்லை என்றவர்களில் பெரும்பகுதியினர் குடித்தது வயதான, வெயில் கண்ட பாட்டில் என்பது என் எண்ணம்.

பாட்டிலின் முதுகில் +3, −2 என்று ஓர் எண் இருக்கும். அடர்த்தியை அளந்து போடும் எண் இது. கூட்டல் பக்கம் போனால் இனிப்புக் குறைவு, கழித்தல் பக்கம் போனால் இனிப்பு. ஆனால் புளிப்பு கூடினால் இனிப்பு அமுங்கித் தெரியும், பழமணம் கூடினால் இல்லாத இனிப்பும் இருப்பதாகத் தோன்றும். இந்த எண்ணை மட்டும் நம்பி வாங்கி ஏமாறாதவர் குறைவு.

பரிமாறும் வரிசைக்கு வருவோம். எட்டுப் பேருக்குக் கணக்கு இப்படி: முதலில் டைகின்ஜோ, ஆளுக்கு 35 மி.லி., 10 டிகிரியில், சாதாரண வெள்ளை ஒயின் கோப்பையில். ஆப்பிள், அன்னாசி, வாழைப்பழ வாசனைகள் ஈஸ்ட்டிடமிருந்து வருபவை, பழம் எதுவும் சேர்ப்பதில்லை. நாக்கு களைப்பதற்குமுன் இந்த மெல்லிய மணத்தைக் கொடுத்துவிட வேண்டும். சாராய நெடி என்று சொன்ன அந்த இருவரின் முகமும் இங்கேயே மாறும். இரண்டாவது கோப்பை மட்டும் ஊற்றாதீர்கள். ஊற்றினால் சாக்கே என்றால் பழவாசனை என்று மனத்தில் நின்றுவிடும், அடுத்து வருவதெல்லாம் மந்தமாகத் தெரியும்.

பிறகு ஜுன்மாய். ஆளுக்கு 30 மி.லி. வீதம் மூன்று சுற்று; எட்டுப் பேருக்குச் சரியாக 720 மி.லி., பாட்டில் காலி. முதல் சுற்று 10 டிகிரி. குளிர்பெட்டியிலிருந்து எடுத்துக் கால்மணி நேரம் வெளியே வைத்தால் அந்த அளவுக்கு வரும். விறுவிறுப்பாக, கொஞ்சம் மூடிய மணத்தோடு இருக்கும். இரண்டாம் சுற்று 20 டிகிரி. இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஜப்பானில் ஹியா என்றால் அகராதிப்படி குளிர்ந்தது, ஆனால் குடிக்கும் இடத்தில் அறை வெப்பம். குளிர்பெட்டி இல்லாத காலத்தில் சூடுபடுத்தாத எல்லாமே ஹியாதான்! சில்லென்று வேண்டுபவர் ரெய்ஷு என்று கேட்க வேண்டும். சிங்கப்பூர் போன்ற ஊரில் அறை வெப்பமே 30 டிகிரியைத் தொடும். அதற்கு ஜப்பானியர் வைத்த பெயர் ஹினாத்தாகான், வெயிலில் காய்ந்த சூடு. ஆகவே அங்கே 20க்குக் கொண்டுவரக் கொஞ்சம் குளிர வைத்தே ஆகவேண்டும். இந்தச் சுற்றில் அரிசியின் சுவை எழும். மூன்றாவது 42 டிகிரி. நுருகான் எனப்படும் 40க்கும் ஜோகான் எனப்படும் 45க்கும் நடுவே. இனிப்பும், உமாமி எனப்படும் நாவூறும் கனத்த சுவையும் உடற்சூட்டுக்கு நெருங்க நெருங்க நாக்குக்கு நன்றாகத் தெரியும். லாக்டிக், சக்சினிக் அமிலங்கள் சூட்டில் உருண்டு திரண்டு மென்மையாகும். அதே பாட்டில்தானா என்று யாராவது கேட்காமல் இருக்கமாட்டார்கள். பாட்டிலை மேசைமேல் வைத்து, அவர்கள் கண்ணெதிரிலேயே ஊற்றுங்கள்.

சூடுபடுத்துவதில்தான் கைப்பதம் தேவை. மூன்றாம் சுற்றுக்கான 240 மி.லி.யை இரண்டு தொக்குரிகளில் பிரித்துக்கொள்ளுங்கள். தொக்குரி என்பது கழுத்துக் குறுகிய பீங்கான் குடுவை. இல்லாவிட்டால் எவர்சில்வர் டம்ளர் போதும். உலோகம் சீக்கிரம் சூடேறும் என்பதால் இன்னும் வசதி. ஜப்பானிலும் சிரோரி என்ற உலோகப் பாத்திரத்தைத்தான் பல கடைகள் பயன்படுத்துகின்றன. ஒரு பாத்திரத்தில் தண்ணீரைக் கொதிக்க வைத்து, அடுப்பை அணைத்துவிட்டு, ஒரு நிமிடம் கழித்துத் தொக்குரியை அதன் தோள்வரை முங்கும்படி இறக்குங்கள். சமையல் வெப்பமானி ஒன்றை உள்ளே விட்டு வையுங்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் 45 காட்டும், உடனே எடுத்துவிடுங்கள். குளிர்ந்த கிண்ணத்தில் ஊற்றியதும் இரண்டு மூன்று டிகிரி தானாக இறங்கிவிடும். அடுப்பு எரியும்போதே வைத்தால் ஓரம் கொதிக்க, நடு ஆறியிருக்கும். மைக்ரோவேவில் வைத்தால் தொக்குரியின் கழுத்து சுட்டு அடி குளிர்ந்து கிடக்கும். வேறு வழியில்லை என்றால் 20 விநாடி சூடாக்கி, கலக்கி, மறுபடி 20 விநாடி. 60 டிகிரியைத் தாண்டினால் ஆல்கஹால் ஆவி மூக்கில் ஏறும், மற்ற எல்லாச் சுவையையும் அது மறைத்துவிடும். உங்கள் நண்பர்கள் இருவர் அன்று குடித்தது அநேகமாக அதைத்தான். சூடான சாக்கே என்றாலே மட்டமான சரக்கை மறைக்கும் தந்திரம் என்று ஒரு பேச்சு உண்டு. சூடு அவ்வளவு ஏறினால் மறைக்கத்தான் செய்யும். 45இல் நிறுத்தினால் குறையைக் காட்டிக்கொடுக்கும்.

டைகின்ஜோவை சூடாக்கிப் பார்க்கலாமா என்று கேட்பார்கள். மணம் பறந்துவிடும், அதன் அடியிலிருந்த கசப்பு மட்டும் மேலே வரும். விதிவிலக்குகள் இருக்கின்றன, இந்த மாலைக்கு அவை வேண்டாம்.

அடுத்ததாகக் கிமோட்டோவை 45 முதல் 50 டிகிரியில், சாப்பாட்டோடு கொடுங்கள். பழுத்த கெட்டி சீஸ், வெண்ணெயில் வதக்கிய காளான், உப்பிட்டுச் சுட்ட மீன் மூன்றும் உலகில் எங்கும் கிடைக்கும், மூன்றிலும் உமாமி உண்டு. திராட்சை மதுவிலுள்ள இரும்பு மீனின் கொழுப்போடு சேர்ந்தால் சிலசமயம் ஒரு கவிச்சி வாடை எழும். சாக்கேயில் இரும்பு மிக மிகக் குறைவு. ஆலைக்காரர்கள் இரும்பு உள்ள நீரை நஞ்சாகவே நினைப்பார்கள். கோஜியில் உள்ள ஒரு பொருளோடு அது சேர்ந்து மதுவைப் பழுப்பாக்கிவிடும். மீனோடு சாக்கே இவ்வளவு நன்றாகப் பொருந்துவதில் இதற்கும் பங்குண்டு. காரமான உணவை மட்டும் இந்தச் சுற்றுக்குத் தவிருங்கள், சூடும் ஆல்கஹாலும் மிளகாய் எரிச்சலை ஏற்றிவிடும். காரம் வேண்டும் என்பவர் கடைசியில் வரும் நிகோரியோடு சாப்பிடட்டும், அதன் இனிப்பு சமாளிக்கும்.

நிகோரியை 5 முதல் 10 டிகிரியில், இனிப்புப் பண்டத்தின் இடத்தில் கொடுங்கள். குலுக்காதீர்கள். மூடியபடியே தலைகீழாக மெல்லக் கவிழ்த்து நிமிர்த்தினால் அடிவண்டல் கலந்துவிடும். பாட்டிலில் நொதித்தல் இன்னும் நடக்கிறது என்ற குறிப்பு இருந்தால் கூடுதல் எச்சரிக்கை தேவை. நன்றாகக் குளிரவைத்து, பாத்திரம் கழுவும் தொட்டியின்மேல் பிடித்து, மூடியைச் சற்றுத் தளர்த்துவதும் நுரை ஏறினால் திரும்ப மூடுவதுமாகப் பத்துத் தடவையாவது செய்யுங்கள். இல்லையென்றால் பாதி பாட்டில் கூரையில் இருக்கும்.

எல்லாம் சேர்த்து ஆளுக்கு ஏறக்குறைய 200 மி.லி. 650 மி.லி. பீர் பாட்டில் ஒன்றில் இருக்கும் ஆல்கஹாலுக்கு இது கிட்டத்தட்டச் சமம். குடித்த அளவுக்குத் தண்ணீரும் குடிக்கச் சொல்லுங்கள். ஜப்பானில் இதற்காகத் தரும் தண்ணீருக்கே யவராகி மிஸு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். சாக்கே குடித்தால் மறுநாள் தலைவலி வராது என்ற விளம்பர வாக்கியத்தை நம்பவேண்டாம், அளவு மீறினால் கட்டாயம் வரும்.

கிண்ணங்களைப் பற்றி அதிகம் அலட்டிக்கொள்ள வேண்டாம். மணமுள்ளதற்கு ஒயின் கோப்பை, சூடானதற்கு ஒச்சோக்கோ எனப்படும் சிறு பீங்கான் கிண்ணம். அடியில் நீல வட்டம் போட்ட கிண்ணம் கிடைத்தால் வாங்கிவையுங்கள். வெள்ளைப் பரப்பில் நிறத்தையும், நீல விளிம்பில் தெளிவையும் பார்ப்பதற்காக ஆலைகளில் பயன்படுவது அது. 180 மி.லி. கொள்ளும் மரப்பெட்டிக்கு மஸு என்று பெயர் (தமிழில் மாசு என்று எழுதினால் அழுக்காகிவிடும்). பார்க்க அழகு, ஆனால் மர வாசனை எல்லாவற்றையும் அடித்துவிடும். தனக்குத் தானே ஊற்றிக்கொள்ளாமல் பக்கத்தில் இருப்பவருக்கு ஊற்றுவது வழக்கம். முதல் சுற்றுக்கு அதைக் கடைப்பிடித்தால் கூச்சம் கலையும், அதற்குமேல் வற்புறுத்தத் தேவையில்லை.

நடுவே ஒரு கதை சொல்ல வேண்டும் என்றால் நீரைப் பற்றிச் சொல்லலாம். 1840இல் யமமுரா தாசயெமோன் என்பவருக்கு நிஷினோமியாவிலும் உவோசாக்கியிலும் இரண்டு ஆலைகள் இருந்தன. நிஷினோமியாவின் சாக்கே மட்டும் எப்போதும் மேலாக வந்தது. ஒரே அரிசியைக் கொடுத்துப் பார்த்தார், தலைமைத் தயாரிப்பாளர்களை இடம் மாற்றிப் பார்த்தார், வித்தியாசம் போகவில்லை. கடைசியில் நிஷினோமியாவின் கிணற்று நீரை உவோசாக்கிக்குக் கொண்டுபோனார், இரண்டும் ஒன்றாகிவிட்டன. மியாமிஸு என்று இன்றும் புகழ்பெற்ற அந்த நீர் கடினநீர். ஈஸ்ட்டைத் துடிப்பாக்கும் பாஸ்பரஸும் பொட்டாசியமும் அதில் கூடுதல், இரும்பு ஏறக்குறைய இல்லை. இந்த ஊர்கள் அடங்கிய நாதா வட்டாரத்தின் இறுக்கமான சாக்கேக்கும், அதைவிட மென்மையான நீர் கொண்ட கியோட்டோவின் ஃபுஷிமி வட்டாரத்துக் குழைவான சாக்கேக்கும் உள்ள வேறுபாடு இங்கிருந்துதான் தொடங்குகிறது.

பாட்டில் கெட்டிருக்கிறதா என்று எப்படித் தெரியும்? ஊற்றும்முன் நீங்கள் தனியாக முகர்ந்துவிடுங்கள். வெந்து கெட்ட முட்டைக்கோஸ், ஊறிய முள்ளங்கி வாடை வந்தால் சூட்டில் நாளாகக் கிடந்தது. தெளிந்திருக்க வேண்டியது கலங்கிப் புளித்திருந்தால் ஆல்கஹாலைத் தாங்கும் பாக்டீரியா புகுந்துவிட்டது. நகப்பூச்சு வாசனை லேசாக இருந்தால் சில பாணிகளில் இயல்பு, தூக்கலாக இருந்தால் தயாரிப்புக் கோளாறு. இளமஞ்சள் நிறம் குற்றமில்லை. கரி கொண்டு வடிகட்டாத சாக்கேயின் இயற்கை நிறமே அதுதான். வயதான வாடை லேசாக மட்டும் இருந்தால் எறியவேண்டாம், 50 டிகிரிக்குச் சூடாக்கிப் பாருங்கள். கொட்டை வறுத்த மணமாகத் திரும்புவதும் உண்டு.

மீந்தது பெரும்பாலும் கிமோட்டோவாகத்தான் இருக்கும். படுக்கப்போடாமல் நிற்கவைத்துக் குளிர்பெட்டியில் வையுங்கள். படுத்தால் காற்றுபடும் பரப்பு கூடும், மூடியின் உலோகத்தையும் தொடும். டைகின்ஜோ மீந்தால் ஒரு வாரத்துக்குள் மணம் தேய்ந்துவிடும். ஜுன்மாய் இரண்டு மூன்று வாரம் தாங்கும். கிமோட்டோ திறந்து மூன்றாம் நாள்தான் விரியத் தொடங்குவதும் உண்டு. அதற்குமேல் இருந்தால் சமையலுக்கு: கழுவிய மட்டியோ சிப்பியோ 300 கிராமுக்கு 50 மி.லி. ஊற்றி, மூடி, ஓடு திறக்கும்வரை பெருந்தீயில் வையுங்கள். உப்பு போடுமுன் சாற்றை ருசி பார்க்க வேண்டும், சிப்பியிலேயே போதுமான உப்பு இருக்கும்.